மாவுக்கு வாங்கிய பிள்ளையின் பெயர்

என் அண்ணனின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொல்லக் கூசுகிற பெயர் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது காரணம் அதுவல்ல. அதே பெயரில் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை இருக்கிறான். அண்ணனின் பேரன். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் என் வீட்டிலிருந்து பத்துப் படி ஏறினால் அவன் வீடு. காலையில் அவன் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

நான் சொல்லாவிட்டாலும் அது என்ன மாதிரிப் பெயர் என்று உங்களுக்கு விளங்கிவிடும். குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், அதற்குப் பிறகு பிறப்பதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வேறொருத்தி வந்து எடுப்பாள். பெற்றவள் அவளிடம் ஒரு பிடி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். மூக்கையும் குத்திவிடுவார்கள். இது யாரோ எறிந்தது, தவிட்டுக்கு வந்தது, ஒருவருக்கும் வேண்டாதது என்று எமன் எண்ணிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட வேண்டும். தோட்டத்துக் கங்காணியை ஏமாற்றத் தெரியாதவர்கள் எமனை ஏமாற்றப் போனார்களே என்று நான் சிரித்திருக்கிறேன்.

எங்கள் அம்மா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள். அண்ணனுக்கு முன்னால் அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்று பிறந்து ஒரு வாரத்திலேயே போனது. மற்றது தவழத் தொடங்கிய பிறகு வயிற்றோட்டத்தில் போனது. அண்ணன் பிறந்ததும் அப்பா அவரைச் சாக்கில் சுற்றி, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடத்தினாராம். லயத்து வாசல் கூட்டுகிற வாசக்கூட்டி அம்மாதான் வந்து எடுத்தாராம். தவிட்டுக்கு எங்கே போவது என்ற சிக்கல் அப்போதுதான் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் நெல் ஏது, தவிடு ஏது? வீட்டில் இருந்தது கோதுமை மா. அதில் ஒரு பிடியைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினார்கள்.

அந்த ஒரு பிடி மா அம்மாவை வாழ்நாள் முழுக்கப் பாடுபடுத்தியது. அண்ணனுக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டால் போதும், அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள். "தவிட்டுக்கு வாங்கச் சொன்னாங்க. நான் மாவக் குடுத்துப்புட்டேனே. வெல கூடுன புள்ளன்னு தெரிஞ்சிருமே."

மா தவிட்டைவிட உயர்ந்த சாமான். ஆகவே பிள்ளையும் உயர்ந்தது என்று எமன் கணக்குப் பார்த்துவிடுவான். இதுதான் அவளுடைய பயம். அண்ணனுக்கு மீசை வந்த பிறகும் அது போகவில்லை. அவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ராசா, கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொஞ்சல் எல்லாம் எனக்குத்தான். அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் எனக்கு ஒரு நல்ல பெயர் வைக்க அவர்களுக்குத் தைரியம் வந்தது. அதை நான் அனுபவித்தேன், அவ்வளவுதான்.

அப்போது எங்கள் லயத்தில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பெரியவன், கறுப்பன், சின்னவன் என்று முன்னால் ஒன்றைச் சேர்த்து அடையாளம் சொல்வோம். அண்ணன் கறுப்பன். சின்னவன் அவருக்கு உயிர்த் தோழன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் ஓடுவார்கள். மூன்று பேருக்கும் முன்னால் செத்த பிள்ளைகள் இருந்தன என்பதை விளையாடுகிற வயதில் யார் நினைப்பது?

பிறகு நான் ஆசிரியையானேன். முதலில் புசல்லாவையில், அப்புறம் கண்டியில். ஒவ்வொரு ஜனவரியும் புது மாணவர் இடாப்பு எழுதும்போது ஊரில் எந்தப் பெயர் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலில் சாமி பெயர்கள். அப்புறம் தலைவர்மார் பெயர்கள். அப்புறம் சினிமா, ஒரு படம் நன்றாக ஓடினால் ஐந்து வருடம் கழித்து முதலாம் வகுப்பில் அதன் கதாநாயகன் நாலு பேர் மூக்கொழுகிக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் 'ஷ' வந்தது. எந்தப் பெயராக இருந்தாலும் ஷன், ஷான் என்று முடிய வேண்டும். வகுப்பில் ஒருவனை அதட்டினால் ஆறு பேர் எழுந்து நின்றார்கள்.

அண்ணனின் பெயர் மாணவன் பெயராக என் இடாப்பில் ஒருமுறைகூட வரவில்லை. தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் சில வருடம் வந்தது, பிறகு அங்கேயும் இல்லை. நாகரிகம் மட்டும் காரணமல்ல. தோட்டத்துக்கு மருத்துவிச்சி வந்தாள், ஊசி போட்டார்கள், பிள்ளைகள் தங்கின. குப்பைமேட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு பெயர் அழிவது நல்ல சேதியாகவும் இருக்கலாம் என்று பாடசாலைக் கூட்டம் ஒன்றில் நான் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு அந்தப் பெயர் தந்தது பெருமை இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பைக் கூட்டினால் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் அவர்தான். வாத்தியாரே சிரித்துக்கொண்டு அனுப்புவார். அதனாலேயே பாதியில் நின்றுவிட்டு, கண்டி டவுனில் அக்குறணை முஸ்லிம் முதலாளி ஒருவரின் தையல் கடைக்கு வேலைக்கு வந்தார். பெயரைக் கேட்ட முதலாளி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாராம்.

"இந்தப் பேரச் சொல்லி ஒரு மனிசன எப்புடி வாப்பா கூப்புடுற? படச்சவன் பொறுப்பானா?" என்றாராம். "நீங்க மாஸ்டர். இண்டையிலிருந்து எல்லாரும் ஒங்கள மாஸ்டர் எண்டே கூப்புடட்டும்."

காஜா எடுக்கத் தெரியாத காலத்திலேயே அண்ணன் மாஸ்டராகிவிட்டார். பின்னால் சொந்தக் கடை போட்டபோதும் பலகையில் மாஸ்டர்தான். அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டிய இடங்களில் மட்டும் முகம் சுருங்கும். மூக்கில் குத்திய துளை தூர்ந்து ஒரு புள்ளியாக இருந்தது. பேசும்போது அதைத் தடவிக்கொள்வார். "என்னோட முடியட்டும் பாப்பா இந்தப் பேரு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரே மகள். அண்ணி வெள்ளெனச் செத்துப்போனதால் நானும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. படித்தாள், வேலைக்குப் போனாள், நல்ல பையனைக் கட்டினாள். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஆண் என்று தெரிந்துவிட்டது. எண் சாத்திரக்காரரிடம் போனார்கள். அந்த வருடம் எல்லோரும் வைத்துக்கொண்டிருந்த ஷன் பெயர் ஒன்றுதான் அமைந்தது. போர்வையில் அந்தப் பெயர், கோப்பையில் அந்தப் பெயர், தொலைபேசியில் எல்லோருக்கும் அனுப்பிய படத்திலும் அந்தப் பெயர். பிள்ளை மூன்று மாதம் இருந்தான். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

இரண்டாவதற்கு இன்னொரு ஷன். இதயத்தில் பிழை என்றார்கள். அவன் வீட்டுக்கே வரவில்லை.

சாவைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு பெயர் எல்லோருக்கும் பிடித்த பெயராக இருப்பதில் இப்படி ஒரு கொடுமை இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செத்துப்போன பிள்ளையின் பெயரை ஊர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாவிக்கரையில் மீனுக்குப் பொரி போடுகிற பிள்ளையை ஒரு தாய் கூப்பிடுவாள், அந்தப் பெயர். சந்தையில் கை நழுவி ஓடுகிறவன், அந்தப் பெயர். ஒருநாள் பஸ்ஸில் பின் இருக்கையில் யாரோ கூப்பிட, அண்ணன் மகள் இடைவழியில் இறங்கி மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். இத்தனைக்கும் மேலாக எங்கள் மேல்வீட்டிலேயே ஒருவன் இருந்தான். அதே வருடம் பிறந்தவன், அதே பெயர். அவன் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் வேன்காரர் காலையில் வாசல் கேட்டடியில் நின்று அந்தப் பெயரைத் தெருவுக்கே கேட்கக் கூப்பிட ஆரம்பித்தார். இவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள்.

நான் வேன்காரரைப் பிடித்து, கூப்பிடாமல் ஹோர்ன் மட்டும் அடியுங்கள் தம்பி என்று கெஞ்சினேன். சில நாள் அடித்தார். அக்கம்பக்கத்தில் சத்தம் என்று சண்டைக்கு வந்தார்கள். திரும்பவும் கூப்பிடத் தொடங்கினார். அவர்மேல் என்ன பிழை?

மூன்றாவது முறை அவள் எதையும் வாங்கவில்லை. ஒரு துணி வாங்கவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆண் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு, பதிவுக்குப் பெயர் வேண்டும் என்று ஒரு பின்னேரம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். அவள் கணவன் தொலைபேசியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். அவள் கதிரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பாவோட பேரு வேணும்" என்றாள்.

கணவன் வாசிப்பதை நிறுத்தினான். அண்ணன் எழுந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி மேசையில் எறிந்தார்.

"எவ்வளவோ பேரு இருக்கு ஒலகத்துல. அந்தக் கண்றாவியா ஒனக்குக் கெடச்சிச்சு? நான் பட்டது போதாதா? இவனும் கூடையைத் தூக்கிட்டுத் திரியணுமா?"

நானும் சேர்ந்துகொண்டேன். சும்மா இருக்கத் தெரியாத வாய். டாக்டர்மார் என்ன சொன்னார்கள், இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்பலாமா, படித்த பெண் செய்கிற வேலையா என்று வகுப்பே எடுத்தேன். அவள் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எமனுக்குப் பயந்து கேக்கல அத்த" என்றாள். "வேற யாருக்கும் இல்லாத பேரு வேணும். இவனும் போயிட்டான்னா, ரோட்டுல ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்கதானே? அதுக்குத்தான்."

அவள் கணவன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். அண்ணன் அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணி கொண்டுவந்து வாசலில் கொட்டினார். கையில் இன்னொரு பை. என்னைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினார்.

"கோழித்தீன் கடையில வாங்குனேன் பாப்பா. இந்தத் தடவ தவிடுதான். மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். தவிடுதான். அந்தப் பெயரை வைக்கிறதென்று ஆகிவிட்டால் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்றார். அவள் நம்பவில்லை, அவள் கணவன் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனாலும் அந்த வெட்டுத் துணிக் குப்பையில் பிள்ளையைக் கிடத்தியபோது நாங்கள் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

எடுப்பதற்கு ஆள் வேண்டும். மேல்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்த வேன் பிள்ளையின் தாய். வேதக்காரப் பெண், இந்தச் சங்கதி எதுவும் தெரியாதவள். தன் மகனின் பெயர் இந்த வீட்டில் யாருக்கு இருந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தாள். பிள்ளையை எடுத்து, ஒட்டியிருந்த துணித் துண்டுகளைத் தட்டிவிட்டாள். அண்ணன் மகள் தவிட்டை நீட்டினாள், அவள் பிள்ளையைக் கொடுத்தாள். கையில் தவிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "நான் போகவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

அண்ணன்தான் முதலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தன் பெயரைத் தன் வாயால் அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளை தங்கினான். குப்புற விழுந்தான், உட்கார்ந்தான். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். அண்ணன் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாடுவார். அந்தக் கொஞ்ச மாதம் நான் அண்ணனைச் சந்தோஷமாகப் பார்த்தேன். ஆனால் சீனி வியாதி ஏற்கெனவே அவர் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. பிள்ளை தவழத் தொடங்கிய நேரம் அவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஒருநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் சோறு கொண்டுபோனேன். இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்றார்.

"பாப்பா, நான் போனா நோட்டீஸ் அடிப்பீங்கதானே?"

"அந்தப் பேச்சு எதுக்கு அண்ணே இப்ப? சாப்பிடுங்க."

"பேரு போடாத. அது இப்ப புள்ளையோட பேரு. மதிலுக்கு மதில் ஒட்டுவானுங்க. ரோட்டுக்குக் குறுக்காலயும் கட்டுவானுங்க. ரேடியோவுலயும் குடுத்துறாத. பேரச் சொல்லி ஒருத்தரும் அழக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "செத்தவன் பேரா அது காத்துல போகக் கூடாது. கேக்குறவனுக்குக் கேட்டுறும்."

கேட்கிறவன் யார் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஒரு பெயரை ஆயுள் முழுக்க ஒளித்து வைத்த மனிதன், செத்த பிறகாவது அதைத் தலைநிமிர்ந்து வைத்துக்கொள்ளக் கூடாதா? சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படியில் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த மாதமே போய்விட்டார். அச்சகத்துப் பையன் என்னிடம் படித்தவன். பேரில்லாத மரண அறிவித்தலா டீச்சர் என்று இரண்டு முறை கேட்டான். அவருடைய படம், கீழே 'மாஸ்டர் காலமானார்', அவ்வளவுதான் என்றேன். மந்திரம் சொல்ல வந்தவர் பெயர் நட்சத்திரம் கேட்டார். மாஸ்டர் என்றே சொல்லுங்கள் என்றேன். அது மேலே போய்ச் சேராதம்மா என்று முணுமுணுத்தார். போய்ச் சேரத் தேவையில்லை என்றேன். மரணப் பத்திரத்தில் மட்டும் தப்ப முடியவில்லை. அதை மடித்து அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நம்பாதவள் செய்த வேலையைப் பாருங்கள்.

சாவு வீட்டில் கைக்குழந்தை வேண்டாம், மேல்வீட்டில் விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மகள் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தகப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பா, அப்பா என்று மட்டும் மெதுவாக அழுதாள். வந்தவர்களும் மாஸ்டரே என்று சொல்லித்தான் அழுதார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்துக்குப் புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்து ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். தலையில் துவாய்த் துண்டு, கையில் ஒரு பூமாலை. யார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அடையாளம் தெரிந்தது. எங்கள் லயத்துச் சின்னவன். இத்தனை வருடம் அவரை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியின்மேல் விழுந்துவிட்டார்.

அண்ணனின் பெயரைச் சொல்லிக் கதறினார். அவருடைய சொந்தப் பெயரும் அதுதான். "என்னைய விட்டுட்டுத் தனியாப் போறியேடா" என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டார். மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல். வீதிவரைக்கும் கேட்டிருக்கும்.

மடியில் இருந்த பிள்ளை திரும்பினான். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். தாத்தாவின் பெட்டிப் பக்கம் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தான்.

அண்ணன் மகள் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். தகப்பனைத் தூக்குகிற நேரம் அவள் உள்ளே இல்லை. நான் தேடிக்கொண்டு போனேன். மேல்வீட்டுக்கு ஏறுகிற படியில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கிழவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.